இடிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க

பழைய ஸ்கூல் கட்டடங்கள வச்சுக்கிறதா இடிக்கிறதான்னு முடிவு பண்ற அதிகாரிங்க, இன்ஜினியருங்க, ஹெட்மாஸ்டருங்க, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினருங்க எல்லாருக்கும்,

வணக்கம். எங்க ஊரு பழைய ஸ்கூல் கட்டடத்த போன மே மாச லீவுல இடிச்சுட்டாங்க. இடிச்சதே தப்புன்னு சண்டை போட இந்த லெட்டர எழுதல, அத மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா பழைய கட்டடத்தப் பத்தி யாராவது வாயத் தொறந்தாலே "புள்ளைங்க உசுரு முக்கியமா உங்க ஞாபகம் முக்கியமா"ன்னு ஒரு கேள்வி வந்து நிக்குது. புள்ளைங்க உசுருதான் முக்கியம். 2021 டிசம்பர் 17ஆம் தேதி திருநெல்வேலில ஒரு ஸ்கூல்ல கழிவறைச் சுவர் விழுந்து மூணு பசங்க செத்துப்போனத யாரும் மறக்கல. அதுக்கப்புறந்தான் தமிழ்நாடு முழுக்க பழுதான ஸ்கூல் கட்டடங்கள கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு, வந்தது சரிதான். அதுக்கும் முன்னாடி 2004 ஜூலை 16, கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து, 94 குழந்தைங்க. இதையெல்லாம் பார்த்த எந்தத் தாயும் விரிசல் விட்ட சுவருக்குக் கீழ புள்ளைய உக்கார வைங்கன்னு சொல்ல மாட்டா. நானும் சொல்லல.

நான் கேக்கறது வேற. இடிக்கப் போறோம்னு எங்ககிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

அந்த ஸ்கூல்ல எங்கப்பா படிச்சாரு, நான் படிச்சேன், இப்ப எங்க அண்ணன் பொண்ணு படிக்கிறா. இடிச்சு முடிச்சு மண்ண அள்ளினதுக்கப்புறந்தான் யாரோ போட்ட ஸ்டேட்டஸ்ல பார்த்தேன், ஜேசிபி நிக்குது, பின்னாடி வானம் தெரியுது, அவ்வளவுதான். அண்ணன் அதே ஊர்லதான் இருக்காரு, ரெண்டு தெரு தள்ளி, அவருக்கே சத்தம் கேட்டுத்தான் தெரியும். கேட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டல. லீவு நாளுங்கிறதால வாத்தியாருங்களும் இல்ல. அப்புறமா நான் போன் பண்ணி விசாரிச்சப்போ ஸ்கூல்ல இருந்து கிடைச்ச பதில், "அது எங்க கையில இல்லைங்கம்மா, மேல இருந்து லிஸ்ட் வந்துச்சு, ஏலம் விட்டாங்க, எடுத்தவங்க வந்து இடிச்சுட்டுப் போயிட்டாங்க." சொன்னவர் மேல எனக்குக் கோவம் இல்ல. அவருக்கும் ஒரு தாளுதான் வந்திருக்கும். ஆனா ஒரு ஊரே நாலு தலைமுறையா படிச்ச எடத்துக்கு அந்த ஒரு தாளு போதும்னு யாரு முடிவு பண்ணது?

அது எப்பேர்ப்பட்ட கட்டடம்னு உங்கள்ல நெறைய பேர் பார்த்திருக்க மாட்டீங்க, லிஸ்ட்ல "பழுதடைந்த பழைய கட்டடம், ஓடு / டெரஸ்"னு ஒரு வரி மட்டும் இருந்திருக்கும். அதனால கொஞ்சம் சொல்றேன். வெள்ளைக்காரன் காலத்துல ஜில்லா போர்டு, அதாவது அப்ப மாவட்டத்துக்கு இருந்த உள்ளாட்சி அமைப்பு, நடத்தின ஸ்கூல் அது. 1950கள் கடைசியில ஜில்லா போர்டெல்லாம் கலைச்சு எத்தனையோ காலம் ஆகியும் எங்க ஊர்ப் பெரியவங்க இன்னும் போர்டு ஸ்கூல்னுதான் சொல்லுவாங்க. நடுவுல நீளமா ஒரு ஹால், அதுல தட்டி வச்சு மூணு கிளாஸ், இந்தப் பக்கம் வாத்தியாரு வரலாறு நடத்தினா அந்தப் பக்கத்துப் பசங்களும் பாதி வரலாறு கத்துக்குவாங்க. சுவரு ரெண்டு அடி கனம் இருக்கும், ஜன்னல் திட்டுல நாலு புள்ளைங்க உக்காரலாம், ஏப்ரல் மாச வெயில்லயும் உள்ள நுழைஞ்சா குளுகுளுன்னு இருக்கும், அப்ப அங்க ஃபேனே கிடையாது.

மேல மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதுக்குக் குறுக்கால வரிசையா தேக்குக் கட்டை, அந்தக் கட்டைக்கு மேல மெல்லிசா குட்டிக் குட்டிச் செங்கல செங்குத்தா, மூலைவாட்டமா அடுக்கி சுண்ணாம்புல பிடிக்க வச்சிருப்பாங்க. அதுக்கும் மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணிய தெளிச்சுத் தெளிச்சு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து மரக்கட்டையால நாள் கணக்கா தட்டித் தட்டி இறுக்குவாங்களாம். எட்டாங் கிளாஸ் ரூம்ல ஒரு மூலைல மட்டும் காரை பேந்து போயி அந்தச் செங்கல் அடுக்கு அப்படியே தெரியும், ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு, சாய்வா, பாய் பின்னின மாதிரி. கணக்குப் பாடம் புரியாத நாளெல்லாம் நான் அதத்தான் எண்ணிக்கிட்டு இருப்பேன்.

வராண்டாவுக்கு சீமை ஓடு. 1865ல மங்களூர்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷனரிங்க ஆரம்பிச்ச ஓட்டு ஃபேக்டரில இருந்து பரவின வகை, ஒவ்வொரு ஓட்டோட அடிப்பக்கமும் செஞ்ச கம்பெனி பேரு இங்கிலீஷ்ல எழும்பி நிக்கும். ஆறாங் கிளாஸ்லதான் எங்களுக்கு ஒழுங்கா இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் குடுத்தாங்க, சொல்லிக் குடுத்த அன்னைக்கு மத்தியானம் வராண்டால மல்லாந்து படுத்துக்கிட்டு அந்த ஓட்டு எழுத்த ஒண்ணொண்ணா கூட்டிக் கூட்டிப் படிச்சோம். பாடப் புத்தகத்துக்கு வெளிய நான் படிச்ச மொத இங்கிலீஷ் வார்த்தை அந்த ஓட்டுலதான் இருந்துச்சு. அந்த ஓடெல்லாம் இப்ப எங்க கெடக்குன்னு தெரியல.

அதே வராண்டாவோட கல்லு தரையில ஆடுபுலி ஆட்டக் கட்டம் ஒண்ணு செதுக்கி இருக்கும். யாரு செதுக்கினதுன்னு யாருக்கும் தெரியாது. எங்கப்பாவக் கேட்டா "நான் சேரும்போதே இருந்துச்சும்மா"ன்னு சொல்லுவாரு. சாக்பீஸ்லயோ கரியிலயோ கிறுக்கினது இல்ல, உளி வச்சு அடிச்சது, கோடெல்லாம் விரல் பட்டுப் பட்டு வழவழன்னு ஆகியிருக்கும். மழை நாள்ல கிரவுண்டுக்குப் போக முடியாதப்போ புளியங்கொட்டைய வச்சு அங்கதான் ஆடுவோம், எங்கப்பா ஆடின அதே கட்டத்துல. ஒரு தரைக்கல்ல பேத்து எடுத்து ஓரமா வைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், சொல்லுங்க.

இந்தக் கட்டடமெல்லாம் சும்மா சர்க்காரு பணத்துல மட்டும் எழும்பினதும் கிடையாது. காமராஜர் முதலமைச்சரா இருந்த 1954ல இருந்து 1963 வரைக்குமான காலத்துல, நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநரா இருந்தப்போ, ஊர் ஊரா பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினாங்க, இப்ப இருக்கிற புள்ளைங்க கேள்விப்பட்டே இருக்காது. ஸ்கூலுக்கு என்ன வேணும்னு ஒரு பட்டியல் போட்டு ஊர் ஜனங்க முன்னாடி வைப்பாங்க, ஒருத்தர் நிலம் தருவாரு, ஒருத்தர் பெஞ்சு தருவாரு, ஒருத்தர் கெணறு வெட்டித் தருவாரு, ஒண்ணும் இல்லாதவங்க வந்து மண்ணு சுமப்பாங்க. எங்க ஸ்கூல்ல பின்னாடி சேத்துக் கட்டின ரெண்டு ரூம் அப்படி வந்ததுதான்னு எங்கப்பா சொல்லுவாரு, எங்க தாத்தா வண்டி மாட்ட ஓட்டிட்டுப் போயி செங்கல் எறக்கினாராம். கூலி வாங்கல. அந்த ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரு கல்லு பதிச்சிருந்துச்சு, பொருள் குடுத்தவங்க பேரெல்லாம் வெட்டி, எல்லா ஜாதிக்காரங்க பேரும் அதுல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா இருக்கும். எங்க ஊர்ல அந்தப் பேரெல்லாம் ஒரே எடத்துல சேந்து இருந்தது அந்தக் கல்லுல மட்டுந்தான்.

இடிச்ச விஷயத்த அப்பாகிட்ட சொன்னப்போ அவர் மொதல்ல கேட்டது, "ஏம்மா, அந்தக் கல்லு என்ன ஆச்சுன்னு கேட்டியா?"

கேட்டேன். யாருக்கும் தெரியல.

இப்ப இன்ஜினியருங்ககிட்ட கொஞ்சம் பேசணும். நான் சிவில் படிச்சவ இல்ல, ஆனா அந்தக் கட்டடம் எப்படி செத்துச்சுங்கிறத வருஷா வருஷம் லீவுக்கு ஊருக்குப் போயி பார்த்தவ. அது வயசாகி சாகல. மொட்டைமாடில மழைத்தண்ணி எறங்குற தூம்பு அடைச்சுக்கிச்சு, யாரும் எடுக்கல, தண்ணி தேங்குச்சு. கைப்பிடிச் சுவர்ல ஒரு அரசங்கன்னு மொளைச்சுச்சு, கையால பிடுங்குற அளவுல இருந்தப்ப பிடுங்கல, வேரு சுவருக்குள்ள எறங்கினதுக்கப்புறம் மேல மட்டும் வெட்டி விட்டாங்க, மறுபடி தழைச்சுச்சு. அப்புறம் ஒரு வருஷம் ஏதோ ஃபண்ட் வந்துச்சுன்னு சொல்லி சுண்ணாம்புக் காரைய கொத்திட்டு சிமெண்ட் பூசினாங்க. அதுதான் உண்மையான கேடு. சுண்ணாம்புச் சுவரு ஓதத்த வாங்கும், வெயில் அடிச்சா வெளிய விட்டுடும், நூறு வருஷம் அப்படித்தான் நின்னுச்சு. மேல சிமெண்ட அப்பிட்டா அந்த ஈரம் போக வழியில்லாம உள்ளயே நின்னு மேல மேல ஏறும், உப்பு பூக்கும், பூச்சு பொத்துப் பொத்துனு விழும், சுவருக்குள்ள சொருகி இருக்கிற தேக்குக் கட்டையோட முனை அந்த ஈரத்துல ஊறி மக்க ஆரம்பிக்கும், கட்டை முனை போனா கூரை எறங்கும். எங்க ஸ்கூல்ல அதேதான் நடந்துச்சு. கடைசியா வந்து பார்த்தவங்க கூரை எறங்கினத மட்டும் பார்த்து "பழசு, உறுதி இல்ல"ன்னு எழுதிட்டுப் போனாங்க. அந்த நெலைமைல அவங்க எழுதினது சரியாவே இருக்கலாம். ஆனா பத்து வருஷத்துக்கு முன்னாடியே சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச ஒரு கொத்தனாரக் கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது.

பழசுங்கிற ஒரே வார்த்தைல எல்லாத்தையும் போடாதீங்க. அதே காம்பவுண்டுல, 1978ல ப்ளஸ் டூ வந்ததுக்கப்புறம் கட்டின கான்கிரீட் பில்டிங் ஒண்ணு இருந்துச்சு. கம்பி துருப்பிடிச்சு, சீலிங் பேந்து, போர்டு ஸ்கூல் கட்டடத்துக்கு முன்னாடியே அதப் பூட்டிட்டாங்க. அதையும் இடிச்சாங்க, அதுக்கு நான் ஒரு வார்த்தை பேசல. கான்கிரீட்ட சோதிக்கிற மாதிரியே சுண்ணாம்புக் கட்டடத்தையும் சோதிச்சா அது எப்பவும் ஃபெயில்தான் ஆகும். அதுக்கு ஓதம் எங்க இருந்து வருது, கட்டை முனை எப்படி இருக்கு, வேரு எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரிஞ்சவங்க பார்க்கணும்.

இதெல்லாம் நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. சென்னை சேப்பாக்கத்துல ஆற்காடு நவாபு 1768ல கட்டின அரண்மனையோட கலச மஹால் 2012ல தீப்பிடிச்சு கூரையெல்லாம் விழுந்து நாசமா நின்னுச்சு, அத பொதுப்பணித் துறைதான் திரும்ப எழுப்பினாங்க. பக்கத்துல ஹுமாயூன் மஹால், அது மரமெல்லாம் மொளைச்சு பாழடைஞ்சு கெடந்துச்சு, அதையும் சுண்ணாம்புக் கலவையிலயே சரி பண்ணி நிக்க வச்சாங்க. அந்தப் போட்டோவ பார்த்தப்போ எனக்கு உண்மையிலயே பெருமையா இருந்துச்சு. சுண்ணாம்ப எப்படிப் புளிக்க வைக்கணும், கடுக்காய எத்தனை நாள் ஊற வைக்கணும்னு தெரிஞ்ச கைங்க நம்ம ஊர்ல இன்னும் இருக்குன்னு தெரிஞ்சுச்சு. அந்தக் கைங்கள சென்னைல அரண்மனையோட நிறுத்திடாம, ஜில்லாவுக்கு ஒரு நாலு பேரையாவது அனுப்பி ஓட்டு ஸ்கூலையும் டெரஸ் ஸ்கூலையும் பார்க்க வைக்கலாமே. பாரம்பரியக் கட்டடங்களுக்குன்னு தனி ஆணையம் அமைக்க 2012லயே சட்டம் போட்டாச்சு. எங்க ஊரு போர்டு ஸ்கூல் அந்த லிஸ்ட்ல எல்லாம் வராதுன்னு எனக்கே தெரியும், நவாபு கட்டல, பெரிய தலைவர் யாரும் அங்க படிக்கல, படிச்சவங்க எல்லாம் பஸ் கண்டக்டரு, நர்சு, டீச்சரு, கடை வச்சவங்க, துபாய்க்குப் போனவங்க. அதனாலதான் உங்ககிட்ட தனியா கேக்க வேண்டியிருக்கு, ஏன்னா இந்த மாதிரி கட்டடத்துக்கு எந்தச் சட்டமும் காவல் கிடையாது, நீங்க மனசு வச்சாத்தான்.

இடிக்கவே கூடாதுன்னு கேக்கல. காப்பாத்த முடியுமான்னு தெரிஞ்சவர ஒருத்தர வச்சு மொதல்ல பாருங்க, முடியாதுன்னா இடிங்க, ஆனா இடிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி கேட்ல நோட்டீஸ் ஒட்டுங்க, மேலாண்மைக் குழு கூட்டத்துல வச்சு பேசுங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல அந்தக் குழுவ வச்சதே பெத்தவங்களும் பேசணும்னுதானே. அந்த ஒரு மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கட்டடத்தத் தொறந்து விடுங்க, பாதுகாப்பா எது வரைக்கும் போகலாம்னு கயிறு கட்டிடுங்க, படிச்சவங்க வந்து பார்த்துட்டுப் போகட்டும். எங்க ஊர்ல இருந்து போனவங்க திருப்பூர்ல இருக்காங்க, சென்னைல இருக்காங்க, ஒரு நாள் லீவு போட்டு வந்திருப்பாங்க. எங்கப்பாவ நான் வீல்சேர்ல வச்சாவது கூட்டிட்டுப் போயிருப்பேன்.

அளவெடுத்து ஒரு பிளான் வரைஞ்சு வைக்கிறது பெரிய செலவே இல்ல, பக்கத்துல இருக்கிற பாலிடெக்னிக் பசங்ககிட்ட சொன்னா அவங்க அத ப்ராஜெக்டாவே பண்ணிடுவாங்க. ஒவ்வொரு ரூமையும் போட்டோ எடுங்க, கதவு, ஜன்னல், கூரைக்கு உள்பக்கம், தரை எல்லாம். கல்வெட்ட பேத்து பத்திரமா எடுத்து புதுக் கட்டடத்து வாசல்ல பதிச்சுடுங்க. தலைமை ஆசிரியருங்க பேரு எழுதின பலகை, எஸ்எஸ்எல்சில மொதல் மார்க் எடுத்தவங்க பேரு எழுதின பலகை, அதெல்லாம் ஸ்டோர் ரூம்ல போட்டு கரையான் திங்க விடாதீங்க. பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர் இருக்கு பாருங்க, அது எங்க ஊரோட சரித்திரமே, எந்தத் தெருவுல இருந்து மொத பொண்ணு எப்ப ஸ்கூலுக்கு வந்தாங்கிறது வேற எந்த புத்தகத்துலயும் இருக்காது, அத தயவுசெஞ்சு ஸ்கேன் பண்ணி வைங்க. இடிக்கிற அன்னைக்கு ஆபீஸ் ரூம காலி பண்றோம்னு சொல்லி எத்தனை ஸ்கூல்ல பழைய பேப்பர் கடைக்குப் போச்சோ.

தேக்கு விஷயம் தனியா சொல்லணும். இடிக்கிற ஏலத்துல கட்டடத்தோட சேத்து மரமும் போயிடுது. அந்த மாதிரி தேக்கு இன்னைக்குக் கடைல தேடினாலும் கிடைக்காது, அது யாரோ ஒருத்தர் வீட்டுக்கு நிலைக்கதவா போயிடும். நல்லா இருக்கிற கட்டைய மட்டும் பிரிச்சு எடுத்து அதே ஸ்கூலுக்கு லைப்ரரி அலமாரியும் நீள மேசையும் செய்யச் சொல்லி ஏல நிபந்தனைலயே ஒரு வரி சேருங்க. நாளைக்கு வர்ற புள்ளைங்க அது மேல புத்தகத்த வச்சு படிக்கட்டும். ஏலத்துல கொஞ்சம் பணம் கொறையும், கொறைஞ்சா கொறையட்டும், அந்தக் கொறையுற பணத்த முன்னாள் மாணவங்க நாங்க கட்டித் தர்றோம், கேட்டுப் பாருங்க.

புதுக் கட்டடம் வேணாம்னு யாரும் சொல்லல. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துல நெறைய ஊர்ல புது வகுப்பறை வருது, எங்க அண்ணன் பொண்ணுக்கும் வந்தா சந்தோஷம், அவளுக்கு நல்ல டாய்லெட் வேணும், வெளிச்சம் வேணும், ஒழுகாத கூரை வேணும். எங்க காலத்துல பொண்ணுங்களுக்கு ஸ்கூல்ல டாய்லெட்டே சரியா கிடையாது, அத நெனைச்சு ஏங்குறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவ படிக்கப் போற புது பில்டிங் வாசல்ல திறந்து வச்சவங்க பேரு மட்டும் பளபளன்னு இருக்கும், அவளோட கொள்ளுத்தாத்தா செங்கல் எறக்கினதுக்கு ஒரு அடையாளமும் அந்த காம்பவுண்டுல இருக்காது. தன் ஸ்கூல் யாரோ மேல இருந்து குடுத்ததுன்னு அவ நெனைச்சுக்கிட்டு வளருவா. ஊர் ஜனங்க மண்ணு சுமந்து வந்ததுன்னு தெரிஞ்சு வளர்ற புள்ள அந்த சுவர்ல கிறுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிக்கும், நாளைக்கு தானும் ஏதாவது செய்யணும்னு நெனைக்கும். எனக்கு அந்த எண்ணம் வந்தது அந்தக் கல்ல படிச்சு படிச்சுத்தான்.

எங்க ஸ்கூலுக்கு இனிமே நீங்க செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. ஏலம் எடுத்தவர் யாருன்னு உங்க ஃபைல்ல இருக்கும். அந்தப் பேருக் கல்லும் வராண்டாவுல இருந்த ஆடுபுலிக் கல்லும் எங்க கொட்டினாங்கன்னு அவர ஒரு போன் பண்ணி கேளுங்க. ஒடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல, துண்டு துண்டா இருந்தாலும் நாங்க வந்து எடுத்துக்கிறோம், வண்டிச் செலவு எங்களோடது. மத்த ஊர்களுக்கு, அடுத்த மே மாசம் இடிக்கப் போற ஸ்கூல் லிஸ்ட் ஏற்கனவே உங்க மேசைல இருக்கும், அத ஜனவரிக்குள்ள அந்தந்த ஸ்கூல் கேட்ல ஒட்டச் சொல்லுங்க.

இப்படிக்கு,
போர்டு ஸ்கூல்ல ஆறாங் கிளாஸ்ல இருந்து பத்தாவது வரைக்கும் படிச்ச ஒருத்தி